கார்டு போடாத பெயர்

மகன் வாங்கி வந்த புது டிவியின் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் எழுந்த தெர்மாகோல் வாசனை, சங்கரன்கோவிலில் எங்கள் எதிர்வீட்டுக்கு முதல் டிவி வந்த நாட்களுக்கு என்னை இழுத்துப் போனது.

அதுவரை சாயங்காலம் என்றால் எங்களுக்கு ரேடியோதான். ஸ்விட்சைப் போட்டு, பச்சை விளக்குக் கண் மெல்ல விழித்து, சூடேறிய தூசி மணக்கத் தொடங்கும்போதே அப்பா, அம்மா, அக்கா, நான் என்று அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம், ஏனென்றால் நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்கு எங்கள் எல்லோர் பெயரையும் எழுதித் தபால் கார்டு போட்டிருந்தோம். பாட்டுக்கு முன்னால் வாசிக்கும் பெயர்களில் நம் பெயர் வருகிறதா என்று மாதக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா ஏறியதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், அப்பா பெயர், அம்மா பெயர், அக்கா பெயர், கடைசியாக என் பெயர் என்று அத்தனையையும் ரேடியோ வாசித்தது. தெருவைத் தாண்டி ஓடினேன்.

"யக்கா, நம்ம பேரை வாசிச்சிட்டாவ!"

"ஏட்டி, மறைக்காத, தள்ளி நில்லு" என்றாள் அக்கா. அம்மா திரும்பவே இல்லை. அப்பா வாசலில் நின்று, மாடியில் ஆன்டெனாவைப் பிடித்திருந்தவரைப் பார்த்து, "இன்னும் படம் வரல வே, கிழக்க திருப்பும்" என்று கத்திக்கொண்டிருந்தார். திரையில் வெறும் புள்ளிகள்தான் கொட்டிக்கொண்டிருந்தன. அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் போனில் என்னத்தையோ அமுக்கிப் புது டிவியைப் போட்டான். ஒரு பெண்குரல் என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது.

"இதுக்கு யாருலே கார்டு போட்டா?" என்றேன்.