தங்கத் தண்ணீரை அவித்த கதை

கிருமி சாக வேண்டுமென்றால் வேக வேண்டும். ஒரு நர்சிங் ஹோமில் பதினோரு வருஷம் கத்தியும் கத்தரியும் அவித்தவள் நான். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தத் திமிரோடுதான் சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன்.

அங்கே கரிவலம்வந்தநல்லூர்ப் பிள்ளை ஒருத்தி தங்கத்தில் நானோ துகள் செய்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தாள். தூசியிலும் தூசி. மருந்தைச் சுமந்துகொண்டு புற்றுக்கட்டிக்குள் போகுமாம். பாட்டிலில் பார்த்தால் மாதுளைச் சாறு மாதிரி செக்கச்செவேலென்று இருக்கும். ஒருநாள் அதைச் செய்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். சோதனைக்கு முன்னால் கிருமி நீக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஆட்டோகிளேவில் ஏற்றிவிட்டேன். பெரிய பிரஷர் குக்கர்தான் அது.

திறந்தால், சிவப்பு நீலமாகி, அடியில் கரி மாதிரி ஏதோ தங்கியிருந்தது.

"என்னக்கா இப்படிச் செஞ்சிட்டிய! சூட்டுல துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுல்லா! பிச்சிப்பூவை இட்லிக் கொப்பரையில வச்சா பூவாவா வரும்?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

துகள் செய்யத் தேவையான தங்க உப்பு இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது. அதுவும் வீணானால் அவள் ஆராய்ச்சி மாதக்கணக்கில் படுத்துவிடும். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கிறதா?

"அவிக்காம கிருமி எப்படிட்டி சாகும்?"

"சாக வேண்டாம்க்கா, வடிகட்டிருவோம். கிருமி பெருசு, சல்லடையில நின்னுக்கிடும். துகள் பொடுசு, கீழ இறங்கிரும். நீங்க காலிப் பாட்டிலை மட்டும் அவிச்சுத் தாங்க."

தேய்த்துக் கழுவி, அவித்துக் கொடுத்தேன். மறுபடி செய்த சிவப்பை சிரிஞ்சில் உறிஞ்சி, முனையில் பொத்தான் அளவு வடிகட்டியை மாட்டி, சொட்டுச் சொட்டாகப் பாட்டிலில் இறக்கினாள். அவள் கட்டைவிரல் ஓய்ந்தபோது நான் அழுத்தினேன். நிறம் மாறவே இல்லை.

அதில் கொஞ்சத்தை, கிருமிக்குத் தீனி பரப்பிய ஒரு தட்டில் விட்டு மூடி வைத்தோம். ஒரு கிருமி தப்பியிருந்தாலும் புள்ளியாக வளர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்படி வளர்ந்தால் அது என் பாட்டிலில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பயம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணுமே முளைக்கல!"

திருவேங்கடத்துக் கரிசலில் மானாவாரி விதைக்கிற குடும்பம் எங்களுடையது. அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டில் அழுதுதான் பழக்கம். அன்றைக்கு அதைக் கேட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன்.