மேற்கே சாய்ந்த கல்

ஓர்லின் ட்வைட்டுக்கு உட்காரத் தெரியாது. காபியைக்கூட ஜன்னலோரம் நின்றபடிதான் குடிப்பார். அமெரிக்காவின் நடுப்பக்கம், வயோமிங்கில் இதே பண்ணையில் பிறந்து, அறுபது வயதுவரை இதற்குள்ளேயே அலைந்தவர்.

அவருடைய மேய்ச்சல் நிலத்தில், சாலையை ஒட்டி ஒரு கல் இருக்கிறது. 'இவ்வழியே ஒரிகன் நோக்கி வண்டிகள் சென்றன' என்று வெட்டியிருக்கும். மேற்குக் கடலோரத்து ஒரிகனில் குடியேற அந்தக் காலத்தில் எருது வண்டிகளில் கிளம்பியவர்களில் அவருடைய முப்பாட்டனும் ஒருவர். எருதுகள் செத்துவிட, இங்கேயே தங்கிவிட்டார். யாரோ நேற்று ரயிலைத் தவறவிட்டதைப் போல ஓர்லின் அதைச் சொல்வார்.

கல்லைப் பார்க்கக் கார்கள் நிற்கும். வருகிறவர்களோடு பேச அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மாடு பார்க்கிற மாதிரி அங்கே நிற்கலாமென்று, மாடுகள் நக்க வைக்கும் உப்புக் கட்டியைக் கல்லருகே கொண்டுபோய் வைத்தார். எங்கள் பக்கம் வேறு யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். உப்பு நக்க வரும் மாடு, கிடைத்ததில் முதுகைத் தேய்க்கும். சில கோடைகளில் கல் மேற்கே சாய்ந்துவிட்டது.

இந்த இலையுதிர்காலத்தில் அவர் மனைவி லியோட்டா முடிவாகக் கேட்டார். மகள் ஒரிகனில் இருக்கிறாள். பண்ணையை வாங்க ஆளும் வந்தாயிற்று. போவதா, இருப்பதா?

"கல்லை நிமித்திட்டுச் சொல்றேன்."

வேலிக்கு இந்தப் பக்கம், என் நிலத்தில், நான் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஓர்லின் கடப்பாரையோடு மல்லுக்கட்ட, லியோட்டா பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"கல்லே மேற்க கெளம்பிடுச்சு. நீ இன்னும் பூட்ஸத் தேடிட்டிருக்க."

"நக்கலா? அங்க போயி நான் யாருகிட்ட பேசுறது?"

"கடல்கிட்ட பேசு. குறுக்க பேசாது, உனக்கு அதான் வசதி."

கல் நிமிர்ந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் கண்ணாடியை இறக்கினான்.

"இந்தப் பாதை முடியற எடம் எப்படி இருக்கும் சார்?"

எருதுக் கதைக்காக நான் காத்திருந்தேன். ஓர்லின் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தெரியலப்பா. நான் போனதில்ல."

கார் போன பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, பாதி கரைந்த உப்புக் கட்டியைத் தூக்கி பிக்கப்பின் பின்னால் போட்டார்.

"அத எதுக்கு எடுக்கற?" என்றார் லியோட்டா.

"இனிமே மாடு இங்க வரவேணாம். கல்லு சாஞ்சா நிமித்த நான் இருக்க மாட்டேன்."

லியோட்டா ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தார். ஓர்லின் கல்லடி மண்ணை மிதித்துவிட்டு ஏறினார். இறங்கி மறுபடி மிதித்தார்.

லியோட்டா ஹாரனை அழுத்தினார்.