மாடித் தொட்டியில் நீர்முள்ளி

அம்மாவுக்குக் கால் வீங்கியபோது அவள் கே.கே. நகரில் என் வீட்டில்தான் இருந்தாள். டாக்டரிடம் அழைத்துப் போனதும், உப்பைக் குறைத்துச் சமைத்ததும், மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்ததும் நான். சோழவந்தானிலிருந்து அண்ணன் மனைவி, என் மதினி, ஒரு கட்டு நீர்முள்ளியோடு பஸ் ஏறி வந்தாள். வேரோடு நறுக்கிக் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போனாள். வீக்கம் வடிந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா மதினியின் கசாயத்தைப் பற்றியே பேசினாள். கசாயம் குடித்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாதென்று டாக்டர் சொன்னதை நான் நடுவில் எடுத்துச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அண்ணனின் வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் வடியும் பள்ளத்தில் நீர்முள்ளி தானாக முளைத்துக் கிடந்தது. மதினிதான் அதைப் பாத்தி பிடித்து வளர்த்தாள். கேட்டால் விதை கொடுத்திருப்பாள். கேட்க எனக்கு மனம் வரவில்லை. சிம்மக்கல்லில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து, மாடியில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் போட்டேன்.

முதல் முறை விதையை ஆழமாகப் புதைத்துவிட்டேன், ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த முறை நாற்றங்கால் மாதிரி சேறு குழைத்து மேலாகத் தூவினேன். விதை நனைந்ததும் வழவழவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. முளைத்து வளர்ந்து, கணுவுக்குக் கணு முள் விட்டு, முள்ளுக்கு நடுவே நீலப் பூ பூத்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மதினி ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள். அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டிருந்தது.

மறுபடி கால் லேசாக வீங்கியபோது என் செடியைப் பிடுங்கிக் காய்ச்சினேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒங்க மதினி காய்ச்சுனது மாதிரி இல்லத்தா," என்றாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன்.

அதற்குப் பிறகு அம்மா கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்று போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மதினி முள்ளுக்குப் பயந்து அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளத்தில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அத்தை வந்ததுல இருந்து ஒன் பேச்சுத்தான். மாடியில நீ வளத்தது நல்ல நீலமாம். இம்புட்டு நெலம் இருந்தும் நம்மளுது வெளிறிப் போச்சாம்."

சொல்லிக்கொண்டே ஒரு செடியை வெடுக்கென்று இழுத்தாள். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை மாதமாக என் தொண்டைக்குள் இருந்த குரல்தான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அம்மா அப்படித்தான் மதினி," என்றேன்.

கிளம்பும்போது ஒரு கட்டு கொடுத்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் பார்த்தேன். அம்மா சொன்னது பொய். மதினியின் பூதான் நல்ல நீலம், தண்டும் என்னுடையதைவிட இரண்டு மடங்கு பருமன். அதை இன்றுவரை மதினியிடம் நான் சொல்லவில்லை.