சேஃப்டிக்கு இன்னொரு டேக்

1. நேட்டிவிட்டி

வெள்ளிமலையில் அன்று ஷூட்டிங் நின்றது மழையால் இல்லை, ஹீரோ கோபித்துக்கொண்டதாலும் இல்லை. பூங்கொடி என்ற பெண் ஒரே ஒரு வரியைச் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தப் படத்துக்குப் புரொடக்‌ஷன் மேனேஜர். எது நின்றாலும் யூனிட் முழுக்க என் முகத்தைத்தான் பார்க்கும். கல்யாண வீட்டில் உப்பு குறைந்தால் சமையல்காரரைப் பார்ப்பார்களே, அப்படி.

மலையைக் குடையும் ஒரு கம்பெனியை எதிர்த்து இளம் வக்கீல் ஒருவன் வழக்காடுகிறான். இதுதான் கதை. கம்பெனியின் கழிவுநீரைக் குடித்து ஒரு குழந்தை இறந்துபோகிறது. அதன் தாய் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். ஊர்ச் சமுதாயக் கூடத்தைக் கோர்ட்டாக மாற்றியிருந்தோம். சென்னை நடிகையைப் போட்டால் முகம் ஒட்டாது என்று, கூட்டத்தில் நின்ற பூங்கொடியை டைரக்டர் பிடித்தார். அதோடு விட்டிருக்கலாம். நேட்டிவிட்டி, அதாவது மண்வாசனை, வேண்டும் என்று, ஊர்க்காரர்கள் கும்பிடும் சாமியின் பெயரால் சத்தியம் செய்வதாக வசனத்தையும் மாற்றினார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பூங்கொடி என்னிடம் நேராகவே சொன்னாள்.

“சாமி பேரச் சொல்லி பொய் சத்தியம் பண்ண மாட்டோங்க. எம் புள்ள வூட்ல நல்லா கீது. அது செத்துப்போச்சுன்னு நானே எப்டிங்க சொல்றது?”

இது நடிப்புதான் என்று அசோசியேட் டைரக்டர் விளக்கிப் பார்த்தான். சாமி பெயரை எடுத்துவிடலாமே என்றேன் நான். அந்தச் சத்தியம்தான் சீனே என்றார் டைரக்டர். அவருக்குச் சொந்தமாக இரண்டு குழந்தைகள். அவர்கள் பெயரில் இந்த வரியைச் சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்க நினைத்து, சம்பளத்தை நினைத்து விழுங்கிவிட்டேன்.

2. அலமேலு

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். பெயர் அலமேலு. கோர்ட்டில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார வந்தவள். அவளை விடுங்க, நான் சொல்கிறேன் என்றாள். டைரக்டர் முகம் மலர்ந்தது. அவள் சொல்லி முடித்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

“எம் பையன் தண்ணியக் குடிச்சு சாவலைங்க. ஜுரம் ஜாஸ்தியாயி ஜீப்புல எறக்கினு போனோம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல. பாதி மலையிலயே எம் மடியில போய்ட்டான். அதுன்னா சாமி சாட்சியா சொல்றேன்.”

டைரக்டர் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. உடனே கதையைத் திருப்பினார். கம்பெனி லாரிகள் ஓடி ஓடி மலைப்பாதை பாழானதால்தான் ஜீப் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று ஆக்கினார். அதையும் சேர்த்துச் சொல்லம்மா என்று அவளைக் கேட்டார். முடியாது என்றுவிட்டாள் அலமேலு. லாரி எதையும் அவள் பார்க்கவில்லையாம். பார்க்காததைச் சொன்னால் மகன் பேரில் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றாள். கடைசியில் லாரி விஷயத்தை வக்கீலாக நடிக்கும் ஹீரோ பேசுவது, அவள் தன்னுடையதை மட்டும் சொல்வது என்று முடிவானது.

கூண்டேறினாள். கையைக் கூப்பினாள், சாமி பெயரைச் சொன்னாள், பிறகு மகனைச் சொன்னாள். அழவில்லை. நான்தான் அழுதேன். மானிட்டருக்குப் பின்னால் நின்றதால் யாரும் பார்க்கவில்லை.

3. சேஃப்டி

கட் சொன்னதும் கேமராமேன் தலையைச் சொறிந்தார். நடுவில் ஃபோகஸ் போய்விட்டதாம். இன்னொரு டேக் வேண்டும். யார் போய்க் கேட்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போய்க் கேட்டேன். இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்றேன். அவள் கோபப்படவில்லை.

“நெசமான கோர்ட்டுலயும் இப்டித்தான் திரும்பத் திரும்பக் கேப்பாங்களா?”

“ஆமாம்மா. அங்க இன்னும் ஜாஸ்தியா கேப்பாங்க.”

“அப்ப சரிங்க.”

மறுபடி சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஃபோகஸும் சரியாக இருந்தது. இறங்கி வந்தவள் என்னிடம், “புடிச்சிக்கினாங்களா?” என்று கேட்டாள். பிடித்துவிட்டார்கள் என்றேன்.

“அப்ப இனிமே கேக்க மாட்டீங்க இல்ல?”

மாட்டோம் என்று சொல்லி வாயை மூடவில்லை, டைரக்டர் மைக்கில், சேஃப்டிக்கு இன்னொன்று எடுத்துவிடலாம் என்றார். எங்கள் தொழிலில் அது வழக்கம். நல்ல டேக் கையில் இருந்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று எடுத்து வைப்போம். சாப்பிடுகிற காட்சி, நடக்கிற காட்சி, எல்லாவற்றுக்கும் எடுப்போம். நானே எத்தனையோ பேரைத் திரும்ப நிற்க வைத்திருக்கிறேன்.

அலமேலு என்னைப் பார்த்தாள். மறுபடி கூண்டுப் படியில் காலை வைத்தாள்.

“பேக்கப்” என்று கத்தினேன்.

அன்றைய ஷூட்டிங் முடிந்தது என்று அர்த்தம். அதைச் சொல்லும் உரிமை டைரக்டருக்கு மட்டும்தான். ஆனால் லைட்மேன்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள். யார் சொன்னது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் விளக்குகள் அணைந்துவிட்டன. டைரக்டர் என்னைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். அவருடைய அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊர்க்காரர் வாயில் வசனம் வைக்கும் முன், அவர் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். விசாரித்துவிட்டால், சேஃப்டிக்கு இன்னொன்று என்று கேட்க உங்களுக்கு வாய் வராது.