வெள்ளை மணலில் செல்லாயி

பால் கறந்து முடித்ததும் செல்லாயி சாணக் கூடையோடு மணலில் இறங்கிவிடுகிறாள். ஒரு முழக் குழி, இரண்டு கை சாணம், வேரோடு ஒரு பிடி புல். மிதித்து மூடிவிட்டு அடுத்த குழி. யார் வந்தாலும் நின்று பேசுவதில்லை. "பேசிக்கிட்டே வாங்கண்ணே, வெயில் ஏறுதுலா" என்பாள்.

மலாயாவின் ஈப்போ நகரில், சிலிபின் பகுதியைத் தாண்டி, ஈயம் தோண்டி முடித்தவர்கள் விட்டுப்போன வெளி அது. கண் கூசும் வெள்ளை மணல். ஈப்போவில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே பெய்த தண்ணீர் பெய்த இடத்திலேயே மறைந்துவிடும். நடுப்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. அவள் மட்டும் வைக்கிறாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் அவர்களுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. ரப்பர் விலை விழுந்த சமயம். இளம் ரப்பர் செடிகளை மாடு கடிக்கிறதென்று, மாட்டை விற்றுவிடு, இல்லையேல் தோட்டத்தை விட்டுப் போ என்றார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. விற்றுவிடலாம் என்றான் கணவன் பிச்சைமுத்து. செல்லாயி நான்கு பசுக்களையும் அவிழ்த்துக்கொண்டு நடந்தாள். அவன் சட்டிபானையோடு பின்னால் வந்தான்.

முதல் வருஷமே இரண்டு பசுக்கள் செத்தன. மூன்று மைல் போய்ப் புல் சுமந்தாள். "எனக்கு நோவுனா படுத்துக்குவேன். மாட்டு வவுத்துக்கு லீவு இருக்கா?" ஈன்றதும் பால் காசில் வாங்கியதுமாக இன்று பட்டியில் பதினெட்டு மாடுகள். அவளைப் பார்த்து வந்த ஆறு குடும்பங்களின் பட்டிகளும் பக்கத்தில். சுற்றிலும் முழங்கால் உயரப் பச்சை.

பச்சை தெரிந்த பிறகுதான் மணலுக்கு உடையவர்களுக்கு அதன் நினைவு வந்தது. போன வாரம் நான் பால் வாங்கப் போயிருந்தபோது, ஈயக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம் ஆட்களோடு வந்து, புல்லுக்கு நடுவே எல்லை குறிக்கும் சிவப்பு மர முளைகளை அடித்துக்கொண்டிருந்தார்.

"மிச்ச ஈயத்த எடுக்க மணலத் திரும்பக் கழுவப் போறாங்கம்மா. ஒரு மாசத்துல காலி பண்ணணும்."

"மணல எடுத்துக்குங்க. புல்லு என்னுது. புல்ல நவுத்தாம எப்படி எடுப்பீங்க?"

"போலீஸ் வரும்."

"வரட்டும்லா. மோர் குடுத்து உக்கார வைக்கிறேன்."

பிச்சைமுத்து மெல்ல அவள் கையைத் தொட்டான். உதறினாள்.

"தோட்டத்துலேருந்து ஒரு தரம் நடந்தாச்சு. இன்னொரு தரம் நடக்க மாட்டேன்."

சதாசிவம் காகிதத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கடைசியாக அடித்த முளையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. துள்ளிக்கொண்டிருந்த கன்றுக்குட்டியை இழுத்து வந்து, அதன் கயிற்றை அந்த முளையில் இறுக்கிக் கட்டினாள்.