சர்க்கரை இறங்கியபோது வந்த குழந்தை

என் வீட்டுக்காரர் மஞ்சூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். நான் காரமடைப் பக்கம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவருடைய சர்க்கரை நோய் மாத்திரைக்கு அடங்காமல் போனதும் இன்சுலின் ஆரம்பித்தார்கள். நல்ல பலன். காலில் மாதக்கணக்காக ஆறாத புண் ஆறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டுக்கொண்டு, இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, கேரட்டுக்கு மண் அணைக்கப் போனார். மத்தியானம் மேகம் இறங்கி வாசலே தெரியவில்லை. அதற்குள்ளிருந்து வந்து நின்றார். அந்தக் குளிரில் சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கையை இடுப்போரம் வளைத்து, எதையோ தாங்கிப் பிடித்திருந்தார். கையில் ஒன்றுமில்லை.

"அக்கா, பாப்பாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

என்னைத்தான் அக்கா என்றார். கெஞ்சுகிற சின்னப் பையனின் குரல்.

"ஏனுங்க, எந்தப் பாப்பாங்க?"

"என் தங்கச்சி. வாய் காஞ்சு போச்சு."

எனக்குத் தெரிந்து அவருக்குத் தங்கை கிடையாது. கீழ் கோத்தகிரியில் ஒரு அண்ணன் மட்டும்தான். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டார்.

"பாப்பாவுக்கு மொதல்ல."

என்ன செய்வது? இன்னொரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, அந்த வளைந்த கைக்குப் பக்கத்தில், குழந்தையின் வாய் இருக்கும் என்று தோன்றிய உயரத்தில் பிடித்தேன். "குடிச்சிட்டா. இப்ப நீங்க குடிங்க" என்றேன். மடமடவென்று குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

"என்ன புள்ள, ஏன் அழுவுற?" என்று கேட்டார். எதுவும் நினைவில்லை.

அதன் பிறகும் சாப்பாடு தள்ளிப்போனபோதெல்லாம் அவள் வந்தாள். நான் கேட்காமலே இரண்டு டம்ளர் எடுக்கப் பழகிவிட்டேன்.

குன்னூர் டாக்டரிடம், "திடீர்னு வேர்த்து, ஆளே மாறிப் பேசறாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவரை வைத்துக்கொண்டு குழந்தையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"இன்சுலின் நல்ல மருந்துதாம்மா. ஆனா இவர் சாப்பிட்டாரா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. இப்படியே விட்டா நினைவு தப்பி விழுந்துடுவார்" என்றார் டாக்டர். இன்சுலினைக் குறைத்துவிட்டு, வாரம் ஒருமுறை போடும் ஊசியைச் சேர்த்தார். "சாப்பிட்டா குடல்ல ஒரு ஹார்மோன் சுரக்கும். அதைப் போலவே செஞ்சது இது. சர்க்கரை ஏறினாதான் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதனால இது மட்டும் போட்டா சர்க்கரை ரொம்ப இறங்கறது அபூர்வம். வாந்தி வரலாம். வயித்து வலி விடாம முதுகு வரைக்கும் பாஞ்சா உடனே வந்துடணும்."

கணையம் வீங்கியதுண்டா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். கண்ணையும் பரிசோதிக்கச் சொன்னார்.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

"அண்ணன் ஒருத்தர். அவ்வளவுதான்" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

முதல் வாரங்கள் கொடுமை. தாளிக்கிற வாசனைக்கே குமட்டி வெளியே ஓடினார். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. வயிற்றைப் பிடித்தாலே நான் முதுகைத் தொட்டு, "இங்க வலிக்குதுங்களா?" என்று கேட்பேன். மெல்ல மெல்ல உடம்பு அதற்குப் பழகியது. சர்க்கரை சீராக நின்றது. வேர்வை வரவில்லை. குழந்தையும் வரவில்லை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மத்தியானம் மேகம் இறங்கினால் என் கண் தானாக வாசலுக்குப் போனது. வீட்டில் ஒரு பிள்ளை குறைந்த மாதிரி இருந்தது.

ஒருநாள், அவர் நன்றாகச் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும்போது, கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குத் தங்கச்சி இருந்துச்சுங்களா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "யார் சொன்னா?" என்றார்.

"நீங்கதான்."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கப்பலை விட்டு இறங்கித் தங்கிய முகாமில் குழந்தைக்குப் பேதி. அம்மா அரிசிக்கு வரிசையில் நிற்க, இவர் இடுப்பில் வைத்திருந்திருக்கிறார். "பேதியாவறப்ப தண்ணி குடுக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்க. அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் குடுக்கல. அம்மா வர்றதுக்குள்ள இடுப்புலயே அடங்கிருச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா அது செத்துப் போயிரும்ல, புள்ள."

அடுத்த வாரம் கீழ் கோத்தகிரிக்குப் போனோம். அண்ணனிடமும் அந்தப் பேச்சை இவரே எடுத்தார். அத்தனை வருஷத்தில் அண்ணனும் தம்பியும் அவளைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் சண்டையே வந்துவிட்டது. குழந்தைக்கு மச்சம் கன்னத்தில் என்றார் இவர். கழுத்தில் என்றார் அண்ணன்.

"நான்தான தூக்கி வச்சிருந்தேன், எனக்குத் தெரியாதா?"

"நான் குளிப்பாட்டியிருக்கேன்டா."

நான் டீ கொண்டுவந்தேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, நான் அவளைப் பார்த்தவள் என்பதுபோல என் முகத்தையே பார்த்தார்கள்.