எர்மினா சொல்லாத வரி

எர்மினா ஜோசையாவுக்கு வாய் நீளம் என்று ஆன்டிகுவா தீவில் எங்கள் ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. சபைப் பாடகர் குழுவில் வருடக்கணக்காக அவளோடு தோள் உரச நின்று பாடியவள். அந்த வாய் எப்போது நீண்டது, யாரால் நீண்டது என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன் அவள் அதிர்ந்துகூடப் பேசமாட்டாள். புருஷன் வேறு தீவுக்கு வேலைக்குப் போய் அங்கே ஒருத்தியோடு தங்கிவிட்டான். "ஆண்டவர் பாத்துப்பார்" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் துருவ உட்கார்ந்தாள். கிழங்கும் தேங்காயும் பிசைந்து இலையில் கட்டி வேகவைக்கும் டுக்கானாவைப் பேருந்து நிறுத்தத்தில் விற்றே ஒரே மகன் லெஸ்டனை வளர்த்தாள். அவன் வளர்ந்து ஜார்விஸின் கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஜார்விஸ் எங்கள் சபையின் மூப்பர். ஆலயத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தவர். கொடுத்ததைப் பளிங்கில் வெட்டி வாசலில் பதித்தும் வைத்தவர்.

நவம்பரில் விடாமல் மழை பெய்தது. குவாரியின் மண்சுவர் ஊறிப்போய் அங்கங்கே உதிரத் தொடங்கியது. தோண்டும் எந்திரத்தை ஓட்டும் ருஃபஸ், "இன்னைக்கு அடியில யாரும் போக வேணாம், மிஸ்டர் ஜார்விஸ்" என்று சொல்லியிருக்கிறான். அவர் காதில் வாங்கவில்லை. அடியில் கிடந்த இரும்பு வடத்தை எடுத்து வரச்சொல்லி லெஸ்டனை அனுப்பினார். மொத்தச் சுவரும் அவன்மேல் இறங்கியது.

போலீஸிடம் ஜார்விஸ் சொன்னது வேறு கதை. தடுத்தும் கேட்காமல், சிகரெட் பிடிக்க அங்கே ஒதுங்கினானாம். சிகரெட்! சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பில் கிடந்த பிள்ளை அவன். பக்கத்தில் யாராவது புகைத்தாலே எழுந்து போய்விடுவான். நடந்தது என்ன என்று ஊரில் எல்லா அடுப்படியிலும் பேசினார்கள். போலீஸ் நிலையத்தில் மட்டும் ஒருவரும் பேசவில்லை. குவாரிச் சம்பளம் வராத வீடு எங்கே இருக்கிறது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜார்விஸ் ஒரு முழுப் பன்றித்தொடையைச் சிவப்புத்தாள் சுற்றி எர்மினா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவோடு நடந்துபோய் அவர் வீட்டு இரும்புக் கதவில் கட்டித் தொங்கவிட்டாள். நாய்கள் எல்லாம் கூடிவிட்டன.

அன்று மாலையே எங்கள் பாஸ்டர் எல்கானா அவள் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"சிஸ்டர் எர்மினா, கசப்பை மனசுல வளக்காதீங்க. எல்லாம் கர்த்தரோட சித்தம்."

"கர்த்தரா, பாஸ்டர், வடத்தை எடுக்கச் சொன்னாரு?"

"அப்படிப் பேசக்கூடாது. வர்ற ஞாயிறு கழிச்சு அடுத்த ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. பழசை எல்லாம் அவர் பாதத்துல வச்சிட்டு, புதுசா உங்களை ஒப்புக்கொடுங்க."

"வர்றேன். கண்டிப்பா வர்றேன்" என்றாள் எர்மினா. அவள் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. பாஸ்டர் சந்தோஷமாக எழுந்து போனார்.

புது வருடத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குப் பெரிய நாள். ஊரில் பாதி வெள்ளை உடுத்தி வரும். மூப்பர் பீடத்தின் முன் நின்று ஜெபத்தை வரிவரியாகச் சொல்ல, சபை எழுந்து நின்று திருப்பிச் சொல்லும். எங்கள் கைகள் உம்முடையவை, எங்கள் கால்கள் உம்முடையவை என்று ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் மறுபடி ஒப்படைப்போம். அந்த வருடமும் ஜார்விஸ்தான் நின்றார், கழுத்துப்பட்டி கொஞ்சமும் கோணாமல்.

"நீர் கொடுத்ததை நீரே எடுத்தாலும் முறுமுறுக்கமாட்டோம்" என்றார் ஜார்விஸ்.

சபை வாயைத் திறந்தது. அதற்குள் என் பக்கத்திலிருந்து எர்மினாவின் குரல் எழுந்தது.

"அதைத் திரும்பச் சொல்லு, ஜார்விஸ்."

மிஸ்டர் இல்லை, பிரதர் இல்லை. வெறும் ஜார்விஸ்.

"சிஸ்டர், ஜெபத்துக்கு நடுவுல..." என்றார் அவர்.

"எடுத்தது யாருன்னு சொல்லிட்டு மேல படி. கர்த்தர் எடுத்தாரா, நீ எடுத்தியா? என் பிள்ளையைக் கீழ அனுப்பினது நீ. செத்தவன்மேல பொய் சொன்னதும் நீ. இப்ப பழியைக் கொண்டுபோய் ஆண்டவர் தலையில போடுறியே, உனக்கு நாக்கு கூசல?"

பாஸ்டர் ஆர்கன் வாசிப்பவளுக்குச் சைகை காட்டினார். அவளும் சத்தமாக ஒரு பாட்டை எடுத்தாள். நாங்கள் யாரும் பாடவில்லை. ஆர்கன் தனியாக ரெண்டு அடி முழங்கிவிட்டு வெட்கப்பட்டு நின்றுபோனது.

எர்மினா வரிசையை விட்டு வெளியே வந்து பீடத்தின் முன் போய் நின்றாள். ஜார்விஸ் ஒதுங்கிக்கொண்டார். அவள் மண்டியிடவில்லை, நின்றபடியே ஜெபித்தாள்.

"ஆண்டவரே, இத்தனை வருஷமா என் கையைக் கொடுத்தேன், காலைக் கொடுத்தேன். வாயை மட்டும் பயத்துல நானே பொத்தி வச்சிருந்தேன். இந்த வருஷம் அதையும் தர்றேன். எடுத்துக்கோ. லெஸ்டன் எப்படிச் செத்தான்னு சொல்றதுக்கு இதை வச்சுக்கோ. கோர்ட்டுல சொல்லும், சந்தையில சொல்லும், இந்த ஆள் வீட்டு வாசல்ல நின்னும் சொல்லும். நீ தடுத்தாலும் சொல்லும். ஆமென்."

பின்வரிசையில் யாரோ ஆமென் என்றார்கள். பிறகு இன்னொருவர். ஜார்விஸ் பாஸ்டரைப் பார்த்து, "இந்தப் பொம்பளைக்குப் பித்துப் பிடிச்சிருக்கு. வெளிய கொண்டுபோங்க" என்றார்.

அப்போதுதான் ருஃபஸ் எழுந்தான். நல்ல ஆகிருதி, ஆனாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"பித்து இல்ல, பாஸ்டர். நான் வேணாம்னு சொன்னேன். இவருதான் அனுப்பினாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

எர்மினா அவன் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா உனக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள்.

அந்த வருடம் எங்கள் சபை ஜெபத்தை முடிக்கவே இல்லை.

மறுநாள் ருஃபஸ் போலீஸிடம் வாக்குமூலம் கொடுத்தான். அதன்பின் மற்றவர்களுக்கும் நாக்கு வந்தது. வழக்கு இழுத்தடித்து, கடைசியில் ஜார்விஸ் சிறைக்குப் போகவில்லை, அபராதம் கட்டினார். ஆனால் லெஸ்டன்மேல் தவறில்லை என்று நீதிபதி வாய்விட்டுப் படித்தார். குவாரியை மூடினார்கள். வேலை போனவர்கள் ஜார்விஸைத் திட்டவில்லை. எர்மினாவைத்தான் திட்டினார்கள். "உன் வாயாலதான் எங்க அடுப்பு அணைஞ்சுது" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவளும் விடவில்லை. "என் வீட்டுல அணைஞ்சது அடுப்பு இல்லடா" என்றாள்.

ஜார்விஸ் வேறு சபைக்குப் போய்விட்டார். அடுத்த உடன்படிக்கை ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் அவளிடம் வந்து, அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம். சொல்றவங்க சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன், அவ்வளவுதான்."

அப்படியேதான் செய்கிறாள். ஜெபம் முழுவதும் அவள் குரல் கணீரென்று கேட்கும். அந்த வரி வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டு சிலுவையை நேராக முறைத்துப் பார்ப்பாள். இப்போது நானும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் அவளிடம் டுக்கானா வாங்க இன்னும் பலருக்கு மனம் வரவில்லை. அதனால் சனிக்கிழமைகளில் நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள். ஒரு கூடையை அவள் தூக்குகிறாள், மற்றதை நான். வழியெல்லாம் ஜார்விஸைத் திட்டிக்கொண்டே போகிறோம்.